நனைந்தால் எவ்வளவு தாங்கும்

இந்த அறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஐயா. உங்கள் நாற்காலிக்குப் பின்னால், இடுப்பு உயரம் வரை. வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் உப்புப் பூத்துக் காட்டிக் கொடுக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் ஒட்டும்.

தொழில் புத்தி, போகாது. கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. செங்கல், ஓடு, சிமெண்டுக் கட்டி, எது வந்தாலும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து உடையும்வரை அழுத்துவேன். எவ்வளவு அழுத்தத்தில் உடைந்தது என்று சொல்லுவேன். யாருக்கும் கெடுதல் இல்லாத வேலை.

சகலை நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அகழாய்வாளர். ஒரு மண்மேட்டைத் தோண்டி, உள்ளே வளைவுக் கூரையோடு முழுசாக நின்ற பழங்காலச் செங்கல் சுரங்க வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அங்கே ஒரு செங்கல்லில் கோழிக் கால் தடம் இருந்தது. பச்சைக் கல்லாகக் காயப் போட்டிருந்தபோது ஏதோ ஒரு கோழி மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கோழியைப் பற்றித் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பேசினார். கண்கூடக் கலங்கியது. கோழி கேட்டிருந்தால் கூச்சப்பட்டிருக்கும்.

வீட்டுக்கு யாராவது வந்தால் மாமியார் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்துவார்.

"சின்ன மாப்பிள்ளை தோண்டி எடுப்பாரு. பெரிய மாப்பிள்ளை போட்டு ஒடைப்பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவிதான் கடைசியாக நிறுத்துவாள்.

சகலை சில செங்கற்களைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல என் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அகலமான, தட்டையான கற்கள்.

"அண்ணே, ஒடைச்சுத்தான் பாக்கணுமா?"

"ஒடையாம அது எப்படிச் சொல்லும், சகலை?"

"கொஞ்சம் மெதுவாவாச்சும் ஒடைங்களேன்."

மெதுவாகத்தான் அழுத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கல் அருமையாகத் தாங்கியது. இன்றைக்குச் சூளையில் சுடுகிற எந்தக் கல்லுக்கும் இளைத்ததில்லை என்றேன். அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

அவர் போன பிறகு மிச்சக் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். ஊறவைத்தும் பார்ப்பது எங்கள் வழக்கம். மறுநாள் எடுத்துத் தகடுகளுக்கு நடுவே வைத்தால், தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி விட்டுக்கொடுத்தது. அடுத்ததும் அப்படியே. வெளியே நன்றாக வெந்த கல், உள்ளே வேகவே இல்லை. காய்ந்திருக்கும்வரைதான் கம்பீரம். நனைந்தால் கால்வாசி வலிமைகூடக் கிடையாது.

சொல்லிவிடலாம் என்றுதான் தொலைபேசியில் கூப்பிட்டேன். மனைவியின் தங்கை எடுத்தாள்.

"அவர் பேட்டி குடுத்துட்டிருக்காரு மாமா. ஒடைக்கிற விஷயம்தானே? அப்புறமா பேசச் சொல்றேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவசரமே இல்லை என்று வைத்துவிட்டேன்.

சுரங்க வழியைப் பொதுமக்களுக்குத் திறக்கப்போகிற சமயத்தில் அவரே கேட்டார்.

"மழைக்காலம் வருதேண்ணே. நனைஞ்சா தாங்கும்ல?"

"உங்களையும் என்னையும்விட நல்லாத் தாங்கும்."

"உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

பார்த்தீர்களா, எவ்வளவு நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் என் பேச்சை மதித்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கல்லைச் சோதிப்பது வேறு, ஆயிரக்கணக்கான கற்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைச் சோதிப்பது வேறு. என் தகடுகளுக்கு நடுவே ஒரு சுரங்க வழி நுழையாது. எந்த இடம் முதலில் விடும், எவ்வளவு ஈரத்துக்கு விடும் என்று கணக்குப் போடலாம், சரிபார்க்க வழியில்லை. இப்படி ஒரு வாய்ப்பு என் தொழிலில் யாருக்கும் கிடைத்திருக்காது. அதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

மேட்டின் உச்சியில் மழைத்தண்ணீரைச் சுற்றிக் கொண்டுபோய் வெளியே விட ஒரு வாய்க்கால் உண்டு. சகலை முன்யோசனையோடு வெட்டியது. மழை பிடித்த வாரத்தில் ஒரு மத்தியானம் மண்வெட்டியோடு போய் அதன் கரையை உடைத்துவிட்டேன். தண்ணீரெல்லாம் சுரங்க வழியின் முதுகில் வந்து தேங்க வேண்டும் அல்லவா? காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வாய்க்காலைச் சரிபண்ணுகிறேன் என்றேன். பாவம், தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

திறப்பு நாளன்று நல்ல வெயில். பார்க்க எல்லாம் காய்ந்த மாதிரிதான் இருந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்று சகலைக்கு ஆசை. மாமியார் முதல் ஆளாக உள்ளே போகக் கிளம்பினார். நான் விடவில்லை.

"உள்ள வழுக்கும் அத்தை. சகலை போய் விளக்கப் போடட்டும், அப்புறம் நாம போவோம்."

பெண்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் கேட்டது.

"அண்ணே, மேலேர்ந்து என்னமோ சத்தம் வருது."

"பழைய கட்டடம் சகலை, கொஞ்சம் முனகத்தான் செய்யும். நீங்க போங்க."

போனார். நான் சொன்னால் கேட்கிறவர்.

நான் நினைத்த அளவுக்குப் பெரிய சத்தம் வரவில்லை. ஈரக் கல் அதிகம் ஆர்ப்பாட்டம் பண்ணாது. அவருடைய மனைவி போட்ட சத்தம்தான் எனக்குத் தலைவலியாக இருந்தது.

விசாரணைக் குழு, யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத விபத்து என்று அறிக்கை கொடுத்தது. வாய்க்கால் கரையை மழை அரித்துவிட்டதாம். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நேரத்துல உங்களுக்கு மட்டும் என்ன தெரிஞ்சிருக்கும் மாப்பிள்ளை, வருத்தப்படாதீங்க" என்றார்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரியும், ஐயா. எல்லாம் தெரியும். அதனால்தான், யாரும் கூப்பிடாமல், நானாக உங்களைத் தேடி வந்தேன். தாங்கும் என்று பொய் சொன்னது நான். கரையை உடைத்தது நான். உள்ளே போகச் சொல்லி அவரைக் கொன்றதும் நான்தான்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். சிரிப்புத்தான் வருகிறது. விளக்குக்குச் சற்று முன்னால், வளைவின் இடது தோளில் முதலில் விடும் என்று நான் போட்ட கணக்கு இம்மி பிசகவில்லை. அதைப் புரிந்துகொண்டு மனதாரப் பாராட்டக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் சகலை ஒருவர்தான். அன்றைக்கு அவர் இல்லாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.