தினேஸின் கட்டைவிரல்

செத்துப்போன என் மகனை ஒரு வருஷத்துக்கு மேலாக உயிரோடு வைத்திருக்கிறேன்; சாப்பாட்டுச் செலவுகூடக் கிடையாது. பதுளை பஜாரில் மொஹிதீனின் துணிக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, அவர் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போங்க மாஸ்டர். வெலிமடையில ஒத்தக் கிழங்குல ஒரு கல்யாணத்துக்கே கறி வச்சேன்னு சொன்ன ஆளுதானே நீங்க."

கிழங்கு கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாம். இது அப்படியல்ல.

தினேஸ் துபாயில் கட்டட வேலையில் இருந்தான். சாரம் சரிந்தது. கம்பெனிக்காரர்கள் எனக்குத்தான் போனில் பேசினார்கள். காரியத்தை அங்கேயே முடித்துவிடச் சொன்னேன். மருமகள் விஜயலெட்சுமி அந்நேரம் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டுகிற வீட்டில் சொல்லக்கூடிய சமாச்சாரமா அது? மறுநாளும் சொல்லத் தோதுப்படவில்லை. அப்புறம் அவனுடைய போன் பார்சலில் என் பேருக்கு வந்தது.

நான் தெமோதரைப் பக்கம் ஆயுசு பூராவும் தமிழ் படிப்பித்தவன். என் மாணவன் ஒருவனின் கட்டுரையைக் கேட்டு இன்ஸ்பெக்டர் மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறோம். அப்பேர்ப்பட்டவனின் பிள்ளை, கட்டினவளுக்கு மூன்று வருஷமாக என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'ம்'. 'சரி'. 'சாப்டியா'. 'டியூட்டி'. மிச்சமெல்லாம் கட்டைவிரல் படம். இவ்வளவுதானா மகனே என்று முதலில் அழுகை வந்தது. பிறகு நிம்மதி வந்தது. ஒரே மத்தியானத்தில் அவனைப் பாடமாக்கிவிட்டேன்.

"பொண்டாட்டிக்குத் தெரியாமப் போகுமா மாஸ்டர்?"

எப்படித் தெரியும்? அந்த நாட்டில் வாட்ஸ்அப் கால் எடுபடாது. மாதச் செலவுக்கு என் பென்ஷன் இருக்கிறது. அவன் மட்டும் ஒழுங்காக நாலு வரி எழுதும் பழக்கம் உள்ளவனாக இருந்திருந்தால், என்னால் ஒருநாள்கூட அவனாக இருந்திருக்க முடியாது. யார் குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்லியிருந்தால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஸ்லந்தைக்கு, தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். சின்ன வயசு, இன்னொருத்தன் வந்து கேட்டிருப்பான். எனக்கு யார் தேத்தண்ணி ஊற்றுவது? அதற்காகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன். இன்றைக்கும் அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. அது நான் வைத்தது.

ஒரேயொரு தடவை கை மீறியது. 'தெமோதரையில் இப்போது பனி இறங்கியிருக்கும். பிள்ளையின் காதை மூடிப் படுக்கவை' என்று அனுப்பிவிட்டேன். வாத்தியார் புத்தி, முழு வசனம் கேட்டது. அன்று பின்னேரம் என் தேத்தண்ணியில் சீனி இல்லை. மறதி. அதுவரை பக்கம் பக்கமாக எழுதியவள், அன்றிலிருந்து 'ம்' மட்டும்தான் அனுப்புகிறாள். பார்த்தீர்களா, இந்த போன் அவள் தமிழையும் தின்றுவிட்டது.

மொஹிதீன் சிரித்தார். "கிழங்குக் கதையே தேவல."

அப்போதுதான் என் சட்டைப்பையில் இருந்த தினேஸின் போன் அதிர்ந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்ததால் அவரிடம் நீட்டினேன். விஜயலெட்சுமியின் படம் மேலே இருந்தது. அவர் உதடு அசைத்து, மெல்ல வாசித்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். டவுன்ல இருந்து வரும்போது மருந்து வாங்கிட்டு வாங்க மாமா."

எனக்கு அனுப்பவேண்டியதை அவசரத்தில் தினேஸுக்கு அனுப்பிவிட்டாள் என்றேன். துபாயில் இருப்பவன் என்ன நினைப்பான் என்று சிரித்தேன். போனை வாங்கி, கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன்.

மொஹிதீன் கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

"நடந்திருக்கு மாஸ்டர்," என்றார். "நீங்க சொன்னது அத்தனையும் நடந்திருக்கு."