சென்னப்பனின் சுண்டுகிற விரல்

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது எனக்குப் பிடிக்காது, டாக்டர். சென்னப்பன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சப்போட்டா வாங்கிப் போனேன். அதற்கு அடியில் ஒரு பீடிக்கட்டும் இருக்கும்.

பீடி குடித்தால் எலும்பு ஒட்டாது என்று நீங்கள் அவனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறோம். ஆயுத பூஜைக்கு அங்கே கேரம் போட்டி நடக்கும். வருஷா வருஷம் ஃபைனலில் அவனும் நானும். வருஷா வருஷம் அவனுக்குக் குக்கர், எனக்கு டிஃபன் பாக்ஸ். என் வீட்டு அலமாரியில் இனி டிஃபன் பாக்ஸ் வைக்க இடமில்லை. அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது.

போன வருஷம் உத்தனப்பள்ளியில் அவன் வீட்டு மாடு கயிற்றை வெடுக்கென்று இழுத்ததில், ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரல் முறிந்தது. அதில் எனக்குச் சம்பந்தமில்லை. அந்த மாட்டை எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகுதான் நான் உதவினேன். நீங்கள் போட்ட கட்டை அவிழ்த்து, விரலை மெதுவாக மடக்கி நீட்டிவிடுவேன்.

"டாக்டரு ஆட்டக்கூடாதுன்னாரேடா சௌந்தரு" என்பான்.

"அவரு எல்லாருக்கும் பொதுவா சொல்றது அது. அப்படியே வுட்டா மரக்கட்டையாட்டம் ஆயிடும். வலிக்குதா?"

"உசுரே போவுது."

"அப்ப விரலுக்கு உசுரு இருக்குதுன்னு அர்த்தம். சந்தோசப்படு."

அவனும் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒரு பீடியைப் பற்றவைப்பான்.

எலும்பு ஒட்டவே இல்லை, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து விரலில் வைத்து, தகடும் ஸ்குரூவும் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு விரலுக்கு இடுப்புவரை போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆபரேஷன் முடியும்வரை அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த நண்பன் வந்தான்?

ஆயுத பூஜை வந்தது. அவன் ஆடவில்லை. நான் ஃபைனலுக்கு வந்தேன். எதிரே அவன் மனைவி ருக்மணி உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தாரும் ஆடலாம் என்று அந்த வருஷம் சேர்த்துவிட்டிருந்தார்கள். வீட்டில் சும்மா கிடந்த சென்னப்பன் அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். சிவப்புக் காயையும் அதற்கு ஃபாலோ காயையும் குழியில் போட்டுவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா" என்றாள். சென்னப்பன் எல்லோரையும்விட உரக்கக் கை தட்டினான், கட்டுப் போட்ட கையோடு. எனக்கு டிஃபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

எலும்பு ஒட்டினாலும் அவன் விரல் பழையபடி மடங்காது என்று நீங்கள் சொன்ன அன்றே பீடி வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை.

இன்று அவனைச் செக்கப்புக்குக் கூட்டி வந்த வேனில் ருக்மணியும் வந்தாள். கதவில் அவள் விரல் எப்படி நசுங்கியது என்று கேட்கிறீர்கள். என் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், டாக்டர். இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் நன்றாகப் பார்த்துத்தான் கதவைச் சாத்தினேன்.