நான் கோட்டைக்குள்ள இருந்தப்ப

கையக் காட்டினாளுங்க, போய்ட்டு வாங்கன்னு. அதுதானுங்க சாமி, கடைசியா நான் அவள உசுரோட பாத்தது. நீங்க எத்தன மணிக்கு உசுரு போச்சுன்னு கேக்கறீங்க. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், பின்னாடி நடந்ததும் தெரியும். நடுவுலதான் நான் இல்ல.

இல்லீங்க, பையன் வர நேரமாகும். ஞாயித்துக்கெழமைல்லங்களா, கோயில் பார்க்கிங் லாட் பூரா காரு. எடந்தேடிச் சுத்திக்கிட்டிருப்பான். அவன் வர்றதுக்குள்ள சொல்லிடறனுங்க. அவன் இருக்கையில இதப் பேச முடியாது.

அவன் அனுப்பிச்ச சர்டிபிகேட்ல நாலு மணின்னு இருக்கும். அது ஆஸ்பத்திரில டாக்டர் கையெழுத்துப் போட்ட நேரமுங்க. நீங்க வெவரமானவரு, அதப் பாத்துட்டு விட்டுடாம, அப்பா வந்தா நேர்ல கேக்கறேன்னுட்டீங்க. அந்த ஊரு நேரத்துக்கு ரெண்டு மணி வரைக்கும் சதுர்த்தசி, அதுக்கு மேல அமாவாசைன்னு நீங்க சொன்னதா மருமக தென்றல் சொல்லுச்சு. தலைத்திதி, மொத வருசம். நாள மாத்திக் குடுத்தா அவளுக்குப் போய்ச் சேராதுல்லங்க.

பேருங்களா? எஞ்சம்சாரம் பேரு புஷ்பவல்லி. நான் சேனாபதி. ஊரு கரூருங்க.

வியன்னாலதான் உசுரு போச்சு. அவ முட்டி வலிக்காரி, ஊர்ல இருந்து அமெரிக்கா வரைக்கும் ஒரே மூச்சுல உக்காந்து வர முடியாதுன்னு, பையன் வியன்னால ஒரு நாள் தங்கற மாதிரி டிக்கெட் போட்டான். இங்க பார்சிப்பனில உக்காந்தபடியே ஓட்டல், டாக்சி எல்லாம் புக் பண்ணிட்டான். அதுக்குத் தனியா ஒரு விசா வேற. அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்னுதானுங்க எல்லாம்.

அவளா ரெஸ்ட் எடுப்பா? இத்தன தூரம் வந்து ரூமுக்குள்ள படுத்துக்கறதுக்கு கரூர்லயே படுத்திருப்பேன்னு பையனுக்குப் போனப் போட்டா. அவன் ஒடனே சொன்னான், ஓட்டல்ல இருந்து நடக்கற தூரத்துல ரோமாபுரிக்காரங்க கோட்டை இருக்குது, ரோட்டுக்கு அடியில, நான் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன், நீங்களாச்சும் பாருங்கன்னு.

சின்னதுல புடிச்ச கிறுக்குங்க அவனுக்கு. எங்க அமராவதி ஆத்து மணல்ல ரோமாபுரிக் காசு கெடச்சிருக்குதுல்லங்க, அதக் கேள்விப்பட்டதுல இருந்து லீவு விட்டாச் சல்லடையத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிருவான். ஒண்ணும் கெடச்சதில்ல. தெனமும் வெறுங்கையோட வரானேன்னு இவ ஒருக்கா அலுமினியப் பத்து பைசா ஒண்ண அவன் சலிக்கற எடத்துல பொதைச்சு வெச்சுட்டு வந்தா. அவன் அத எடுத்துத் தேச்சுக் கழுவிப் பாத்துட்டு, இதுல நம்ம சிங்கம் இருக்குதும்மான்னு அழுதான். இவளும் கூட உக்காந்து அழுதா.

அவனே போய்ப் பாக்கலாமில்லன்னு கேக்காதீங்க. அவன் விசா ஸ்டாம்பிங் முடிஞ்சு போச்சு. வெளிய போனா மறுபடி உள்ள வர எத்தன மாசமாகும்னு சொல்ல முடியாது, வேல போயிரும். கிரீன் கார்டு வரிசைல நிக்கறான். உங்களுக்குத் தெரியாததா, இந்தக் கோயிலுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அந்த வரிசைதான.

கோட்டைன்னதும் நான் நம்ம செஞ்சி மாதிரி மலமேல நிக்கும்னு நெனச்சுப் போனனுங்க. போனா பேங்கு, காபிக் கடை, காரு. கோட்டை எங்கன்னா, ஒரு கதவு. உள்ள டிக்கெட் குடுக்கற எடம், அப்புறம் கீழ எறங்கற படி. படியப் பாத்ததும் இவ நின்னுட்டா. லிஃப்ட்டு இருந்துச்சோ என்னமோ, கேக்க எனக்கு அந்த பாஷ வரல. கீழ இருக்கறத செவுத்துல போட்டோவா மாட்டியிருந்தாங்க. அதப் பாத்துட்டு இவ, இடிஞ்ச செவுத்தப் பாக்க டிக்கெட்டா, நம்மூட்டுப் பொறக்கடைக்கு வந்தா சும்மாவே காட்டுவனேங்கறா. அப்புறம் அங்க ஒரு பெஞ்சுல உக்காந்துக்கிட்டா. முட்டிக்கு இது போதும், நீங்க போங்க, பையன் கேப்பான், எல்லாத்தையும் போட்டோ புடிச்சுக்கிட்டு வாங்கன்னு கையக் காட்டினா.

ஒரு மணிக்கு மேல எறங்கினேன்.

கீழ கல்லு, செங்கல்லு, முழங்கா ஒசரத்துக்கு செவுரு. பட்டாளத்து அதிகாரிங்க குடியிருந்த ஊடாமாங்க. தரைக்கு அடியில சின்னச் சின்னத் தூணா நிறுத்தி, நடுவால சூடு காத்து ஓட விட்டிருக்காங்க, குளிருக்கு. அதப் பாத்ததும் இவ நெனப்புதான் வந்துச்சு. இந்த மாதிரித் தரையில நடந்தா அவ முட்டிக்கு எவ்வளவு இதமா இருக்கும், மேல போனதும் சொல்லணும்னு.

நான் எட்டாவதுதானுங்க. இங்கிலீசு பேப்பரு பாத்து நானாக் கத்துக்கிட்டது, எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒவ்வொரு போர்டா நின்னு படிச்சேன், படிச்சுட்டு போட்டோ புடிச்சேன். எழுத்து தெளிவா விழணும்ப்பான்னு பையன் சொல்லியிருந்தான். கை ஆடிச்சுன்னா மறுக்கா புடிப்பேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் பாத்துட்டு மேல போய்ட்டாங்க.

ஏறி வரையில மூணு தாண்டிருச்சு. அவ பெஞ்சுல இல்ல. கீழ தரையில படுக்க வெச்சிருந்தாங்க. ஆம்புலன்ஸ்காரங்க ரெண்டு பேரு குனிஞ்சு நெஞ்ச அமுக்கிக்கிட்டிருந்தாங்க. டிக்கெட் குடுத்த அம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ரெண்டு கையையும் சேத்துக் கன்னத்துல வெச்சுக் காட்டுச்சு. தூங்கறான்னு நெனச்சுட்டாங்களாம். செவுத்துல சாஞ்சு, தல கவுந்து, தூங்கற மாதிரியே இருந்திருக்கா. யாரும் எழுப்பல. அவங்க மேல குத்தமில்லீங்க, வயசானவங்க தூங்கினா எழுப்பக் கூடாதுன்னு மரியாதைக்கு விட்டிருக்காங்க.

ஆஸ்பத்திரிக்குப் போயும் ஒண்ணும் ஆகல. பையனக் கூப்பிட்டேன். அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்புறம், நான் வரட்டுமாப்பான்னு கேட்டான்.

வான்னு சொல்ல வாய் வரல சாமி, வராதன்னும் வரல. ரெண்டு பேரும் போனக் காதுல வெச்சுக்கிட்டே இருந்தோம்.

அங்கயே எரிச்சோம். அந்த ஊருல இருக்கற தமிழ்க்காரப் பையன் ஒருத்தன் வந்து கூட நின்னான், புண்ணியவான். எங்க கையெழுத்துப் போடணும்னு வெரல வெச்சுக் காட்டுவான், நான் போட்டேன். எம் பையன் இங்க இருந்து போன்ல பாத்தான். அஸ்திய எடுத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பறதா, முன்னால போறதான்னு தெரியல. டிக்கெட்டு முன்னாலதான் இருந்துச்சு. கருமம் செய்யற மகனும் இங்கதான இருக்கான். அப்படியே வந்து எறங்குனேன். ஏர்போர்ட்ல அவன் எங்கையில இருந்து வாங்கிக்கிட்டான். அவ்வளவுதானுங்க.

அந்த போட்டோவெல்லாம் எம் போன்லதான் கெடக்குது. அவன் இன்னும் கேக்கல, நானும் காட்டல. ரோமாபுரி புஸ்தகமெல்லாம் பெட்டில போட்டுக் கட்டி கராஜ்ல வெச்சுட்டான். இந்தத் தடவ எனக்கு துபாய் வழியா டிக்கெட் போட்டான். எதுக்குன்னு நான் கேக்கல. நாந்தான் அனுப்பிச்சேன், நாந்தான் அனுப்பிச்சேன்னு ராப்பகலா பொலம்பறான்னு மருமக சொல்லுது. எம்முன்னால ஒரு வார்த்த வராது.

என்னங்க? தெரியலன்னா சர்டிபிகேட் நேரத்தையே வெச்சுக்கலாமா?

இல்லீங்க சாமி. நாளு தெரியும். அதச் சொல்லத்தான் வந்தேன். பையனுக்குத்தான் தெரியாது.

மாத்திர டப்பா பாத்திருப்பீங்க, கெழமைக்கு ஒரு கட்டம், கட்டத்துல மூணு குழி. மருமக இங்க இருந்து வாங்கி அனுப்பிச்சது. அவளுக்கு மத்தியான மாத்திர ரெண்டரைக்குங்க. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு மணிக்கு அலாரம் வெச்சுருவா. பந்தில சாப்பிட்டுக்கிட்டிருந்தாலும் எடது கையில அலாரத்த அமத்திட்டு மாத்திரயத் தேடுவா. ஒரு நிமிசம் முன்னாடி போடமாட்டா, டாக்டரு சொன்னா சொன்னதுதான். ஆஸ்பத்திரில அவ கைப்பைய எங்கிட்டக் குடுத்தாங்க. இங்க வந்துதான் தொறந்தேன். அன்னிக்கு மத்தியானக் குழி காலியா இருந்துச்சுங்க.

ரெண்டரைக்கு இருந்திருக்கா.

தண்ணிக்கு என்ன பண்ணுனான்னு தெரியல. பாட்டிலு எந்தோள் பையிலதான் இருந்துச்சு, கீழ.

அமாவாசைன்னே எழுதிக்கங்க. எப்படித் தெரியும்னு பையன் கேட்டா, சர்டிபிகேட்ட வெச்சுத்தான்னு சொல்லிருங்க. அவ அவ்வளவு நேரம் அங்க தனியா உக்காந்திருந்தான்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். அதா வரான் பாருங்க, நீலச் சட்ட.

டப்பாவ நான் ஊர்ல பீரோல வெச்சிருக்கேன். ராத்திரிக் குழியில ரெண்டு மாத்திர அப்படியே இருக்குதுங்க.