கொட்டச் சொன்ன தண்ணி

— ‘மாமா, கன்னத்துல வெல்லம் ஒளிச்சு வெச்சிருக்கியா?’ன்னு என் பொண்ணு கவியா அஞ்சு வயசுல உன்ன கேட்டாளே, ஞாபகம் இருக்கா கண்ணாயிரம்?

— இல்லாம? ‘வெல்லம் இல்ல பாப்பா, பல்லு வலி’ன்னேன். பத்து நாளு தெனம் கிராம்பு கொணாந்து குடுத்துச்சு. அத்த வுடு தீர்த்தகிரி. இருபத்தஞ்சு வருசமா கன்னத்துல பொகையில அடக்கினு ஜீப் ஓட்டறேன். வாய் டெஸ்ட்டுல எனக்கு வந்த ரிப்போர்ட் இன்னா? சுத்தம்! நீ காலைல விபூதி, சாயந்திரம் சாம்பிராணி. வெத்தலகூட தொட்டதில்ல. உனக்கு, ‘உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்கு வா’. முருகன் உன்ன நல்லாத்தான் கவனிக்கிறாரு!

— மெதுவா பேசு. சுத்தி நோயாளிங்க. இங்கயும் அத்த வாயில வெச்சினு வந்திருக்க.

— சாம்பிராணிய கம்மி பண்ணு மச்சான். அந்தப் பொகைதான் உன்ன கெடுத்துடுச்சு.

— ஜமுனாமரத்தூர் முகாம்ல டெஸ்ட் எடுத்த காஷிஃபாம்மா சொன்னத காதுல வாங்கினியா?

— அந்த வாணியம்பாடி பொண்ணா? உப்புத்தண்ணி குடுத்து கொப்பளிக்க சொன்னாங்க. அப்பறம் தூங்கிட்டேன்.

— ஒடம்புக்குள்ள மரபணுன்னு எழுத்து இருக்குதாம். பொகையிலயால எழுத்து அழியாமலே அதுமேல குறி குறியா ஒட்டிக்குமாம். புத்துநோய தடுக்கிற எழுத்து அதுல மூடிக்கினா, அப்பறம் அது வேல செய்யாது. வாயில புண்ணு வர்றதுக்கு முன்னாடியே அந்தக் குறிய கண்டுபிடிக்க முடியுமான்னுதான் ஆராய்ச்சி பண்றாங்க.

— புண்ணே இல்ல, அதுக்குள்ள வைத்தியமா? நல்ல கதை.

— உன் ஜீப்புல ஆயில் லைட் எரிஞ்சப்ப இன்னா பண்ண?

— கண்ணு கூசுச்சு. மேல ஒரு புள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

— அப்பறம்?

— இஞ்சின் போச்சு. அதுக்கு புள்ளையார் இன்னா பண்ணுவாரு?

— எதுக்குமே பயம் இல்ல உனக்கு.

— எனக்கா? பயமா?

— அப்ப கொப்பளிச்ச தண்ணிய என் கைல குடுத்து, ‘கீழ கொட்டிடு, என் டப்பாவுக்கும் நீயே கொப்பளிச்சு ஊத்து’ன்னு ஏன் கெஞ்சின?

— அது பயம் இல்லடா, புத்தி! என் பொண்டாட்டி சகுந்தலா அந்த ரிப்போர்ட்ட சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கா. ஒரு வாரமா வூட்டுல சண்டையே இல்ல. உன் எச்சிலுக்கு கோயிலே கட்டலாம்.

— கட்டு, கட்டு.

— ஆனா பொய்யே சொல்லாத நீ எப்படி ஒத்துக்கினன்னுதான் புரியல. நீ யாரு! மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்ன அன்னிக்கு, காய்ச்சல்ல கெடந்த கவியாவ தோள்ல தூக்கினு மழையில அமிர்தி வரைக்கும் நடந்த வீரனாச்சே!

— ஊருக்கு அப்படி சொன்னவன் நீ. தூக்கினு நடந்தவனும் நீ. நான் பாதி வழியில மயக்கம் போட்டு வுழுந்து கெடந்தேன்.

— மெதுவாடா. அத்த யாருக்கும் சொன்னதில்ல நான். பொண்டாட்டிகிட்டகூட.

— தெரியும்.

— கண்ணாயிரம்! கண்ணாயிரம் யாருங்க? சீட்ட எடுத்துக்கினு உள்ள வாங்க.

— டேய்... நர்ஸம்மா என் பேர கூப்புடறாங்க. நோயாளி நீதானே?

— நீ கொட்ட சொன்ன தண்ணிய நான் கொட்டல. என் பேரு எழுதின டப்பால ஊத்தினேன். முந்தாநாளு காஷிஃபாம்மாகிட்ட ஒத்துக்கினேன். நல்லா திட்டினாங்க. சீட்ட உன் பேருக்கு மாத்திக் குடுத்தாங்க.

— அப்ப அந்த ரிப்போர்ட்டு...

— உன்னுது.

— பயமா இருக்குடா தீர்த்தகிரி.

— லைட்டுதான் எரியுது, இஞ்சின் போச்சுன்னு யாரும் சொல்லல. வாயில இருக்கறத துப்பிட்டு உள்ள போ.

— சகுந்தலாவுக்கு இன்னா சொல்றது?

— நீயா சொல்ற வரைக்கும் ஊருக்கு நோயாளி நான்தான். நீ எனக்குத் துணையா வந்தவன். போ மச்சான், இந்த வாட்டி நான் மயக்கம் போட மாட்டேன்.