வெள்ளிக்கிழமை எழுதிய சனிக்கிழமை

தேத்தண்ணீர் ஆறுகிறது, பிள்ளை. முதலில் குடியுங்கள். நான் எங்கும் ஓடப் போவதில்லை. இந்த முழங்காலோடு உங்கள் போலீஸ் நிலையத்தின் படி இறங்கவே எனக்குக் கால் மணி நேரமாகும்.

என் பெயர் சுபத்திரா. கல்வி இலாகாவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். பதினொரு வருடமாக ஒரு ஞாயிறு மலரில் கச்சேரி விமர்சனம் எழுதுகிறேன். சங்கீதம் யாரும் சொல்லித் தந்ததில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியது. லாபிஸ் என்ற சிற்றூரிலிருந்து கித்தாரோடு வந்த ரூபினியைப் பற்றி முதலில் எழுதியவள் நான்தான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிற பெண். சொல்லின் நடுவில் மூச்சு எடுக்கிறாள் என்று எழுதினேன். அடுத்த மேடையிலேயே திருத்திக்கொண்டாள். என் கட்டுரைகளை வெட்டித் தோள்பையில் வைத்திருப்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மலர் வெள்ளி மதியமே அச்சுக்குப் போய்விடும். கச்சேரியோ சனி மாலை. அதனால் வெள்ளி காலை ஒத்திகையைக் கேட்டுவிட்டு, பாடினார், அரங்கம் கைதட்டியது என்று நடந்து முடிந்ததாகவே எழுதிக் கொடுத்துவிடுவோம். வாசகருக்குத் தெரியாது.

மார்ச்சில், தெப்ராவ் ஊரில் நடந்த கச்சேரியில் மூன்றாம் பாட்டின் உச்சத்தில் ரூபினியின் குரல் உடைந்தது என்று எழுதினேன். ஒத்திகையில் உடைந்தது உண்மை. சனிக்கிழமை உடையவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஆயர் ஈத்தாம் ஊர் மேடையில் நின்று சொன்னாள்: "அலமாக், ஐயையோ, சுபத்திரா ஆன்ட்டி பேப்பர்ல என் தொண்டை உடைஞ்சிருச்சாம். எனக்குத்தான் யாரும் சொல்லல லா."

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஆன்ட்டி வீட்டுல உக்காந்தே கச்சேரி கேப்பாங்க போல" என்றது. முடிந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா வெளையாட்டு, ஆன்ட்டி. கோவமா?"

கோபமில்லை, பிள்ளை. பயம். அன்று வந்த அந்தச் சிரிப்பு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை. கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் வாங்க வந்ததை மறந்து திரும்பிவிடுவேன். பதினொரு வருடமும் பொய் என்று ஆகிவிட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

அடுத்த கச்சேரிக்கும் வெள்ளிக்கிழமையே எழுதினேன். 'மூன்றாம் பாட்டில் குரல் நின்றது. நான்காம் பாட்டு இல்லை.' இந்த முறை எழுத்து பிசகக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

வெறும் வயிற்றில் அவளுக்குப் பாட வராது. மேடையேறும் முன் நான் கொண்டுபோகும் கேழ்வரகுக் கஞ்சியில் நாலு வாய் குடிப்பாள். நிலக்கடலை அவளுக்கு ஆகாது. ஒரு பருப்புப் போதும், தொண்டை அடைத்துவிடும். முதல் பேட்டியில் என்னிடம் அவளே சொன்னது. கடலையை நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து, அதன் வாசம் மறைய ஏலக்காயைத் தாராளமாகப் போட்டேன்.

"இன்னிக்கு வாசமா இருக்கு, ஆன்ட்டி" என்றாள். தோள்பையைக் கழற்றி, "கொஞ்சம் பிடிச்சிக்குங்க" என்று தந்துவிட்டு மேடையேறினாள்.

முதல் பாட்டு நன்றாக இருந்தது, அப்படித்தான் எழுதியிருந்தேன். இரண்டாவதில் இருமினாள். மூன்றாவதில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினாள். முன்வரிசையில் இருந்த என்னைத்தான். அப்படி ஒரு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பாட்டில் உருகுகிறாள் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

தொண்டை அடைத்தால் உடனே போட்டுக்கொள்ள அவள் வைத்திருக்கும் ஊசி மருந்து தோள்பையில், என் கட்டுரைகளுக்கு அடியில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. 'பை, ஆன்ட்டி' என்று உதடு அசைந்தது. நான் எழுதியதில் ஊசியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே திறக்கவில்லை.

சனி மாலை செத்தவளைப் பற்றி வெள்ளியன்று அச்சான தாள் எப்படிச் சொன்னது என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். நான்தான் கொன்றேன்; கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஆனால் பத்திரிகை ஆசிரியர் வரும் ஞாயிறு திருத்தம் போடப் போகிறாராம். அதுதான் எனக்குப் புரியவில்லை. மலர் உங்கள் மேசையில்தானே இருக்கிறது, நீங்களே நிதானமாகப் படித்துப் பாருங்கள், பிள்ளை. எந்த வரி தவறு?