ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

சுமலதா: ஓஹோ… இதுதான் ஓவர்டைமா?

முத்துமணி: ஏய் சுமா! நீ எங்க இங்க?

சுமலதா: ஏன், கெலவரப்பள்ளி டேம் என்னா உங்கப்பன் வீட்டுச் சொத்தா? பஸ் ஏறி வந்தேன். கட்டுன பொண்டாட்டிகிட்ட, லோடு ஏத்தப் போறேன்னு வாரா வாரம் சொன்னியே… இதான் லோடா? நாலு காலு, ஒரு வாலு?

முத்துமணி: கத்தாதடி. செல்ஃபி எடுக்கறவனெல்லாம் திரும்பிப் பாக்கறான்.

சுமலதா: பாக்கட்டும். டேம் பாக்க வந்தவன் உன்னையும் பாத்துட்டுப் போவட்டும். யாரு நாயி?

முத்துமணி: அது… ஃப்ரெண்டோட…

சுமலதா: எந்த ஃப்ரெண்டு? வாடகை வீட்டுல கெடக்கறவன் எவன்யா கன்னுக்குட்டி சைஸுல நாய் வளக்கறான்?

முத்துமணி: சரி… மேனேஜர் சாரோடது. போதுமா?

சுமலதா: போதாது. ஐடிஐ படிச்சிட்டு மெஷின் ஓட்டறவன்… நாய் பீய அள்ளறியா?

முத்துமணி: கவர் குடுத்துதான் விடறாங்க…

சுமலதா: த்தூ!

முத்துமணி: துப்பு, நல்லாத் துப்பு! யாருக்காகப் பண்றேன்னு நெனச்ச? இந்தத் தடவ பர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காரு. இதையும் விட்டா கான்ட்ராக்ட்லயே கெழவனாவேன். எந்நேரம் வேணா "நாளைலருந்து வராத"ம்பான். அப்பறம் நம்ம பொண்ணு தர்ஷினிய எங்க படிக்க வெக்கறது?

சுமலதா: வாயால சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?

முத்துமணி: பெரிய மனுசன்கிட்ட எழுதிக் குடுன்னு கேக்க முடியுமா?

சுமலதா: முடியாது. கயித்த நீட்டுனா மட்டும் ரெண்டு கையால வாங்கிக்க முடியும்.

முத்துமணி: வாய மூடு… அய்யோ, இழுக்குது! டேய், நில்லுடா! தண்ணியெல்லாம் கெமிக்கல் நொர… எறங்குனா ஒடம்பெல்லாம் அரிக்கும், மேனேஜரம்மா என்னையக் கொன்னே போட்ருவாங்க. டேய்… டேய்!

சுமலதா: சீசர்! சிட்! என்னா முழிக்கற? கயித்தப் புடி.

முத்துமணி: உக்காந்துருச்சு… நான் தொண்ட கிழியக் கத்துனாலும் உக்காராது. புது ஆளப் பாத்தா கடிக்கப் போவும். உன் கால நக்குது… சுமா, நான் அது பேரையே சொல்லலியே.

சுமலதா: சொல்லல.

முத்துமணி: அப்ப எப்படி…

சுமலதா: வா, நடக்கலாம்.

முத்துமணி: எப்படித் தெரியும்னு கேக்கறேன்டி!

சுமலதா: நீ ஷிப்டுக்குப் போனதும் தையல் கிளாஸ் போறேன்னு சொன்னேன்ல… எந்தக் கிளாஸும் கெடயாது. அந்த மேனேஜரம்மா வீட்டுல சமையலு, பாத்திரம், கக்கூஸ் கழுவறது, எல்லாம் நான்தான். சம்பளத்தக் கேட்டா, "உன் வீட்டுக்காரருக்கு பர்மனென்ட் ஆவணும்ல"ங்கறாங்க. வாய மூடிக்கிட்டேன். நேத்துதான் சொன்னாங்க… "ஞாயித்துக்கெழமயானா உன் வீட்டுக்காரரு சீசர டேமுக்குக் கூட்டிட்டுப் போறாரு. நல்ல குடும்பம் சுமா உங்களுது"ன்னு.