பசையில் பிழையில்லை

எனக்குப் பசிக்கிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒன்றரை வருடமாகப் பசிக்கிறது, பழகிவிட்டது. காலையில் ஒரு அவித்த முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், இரவில் ஒரு கிண்ணம் பருப்பு. தொண்ணூற்றாறு கிலோவில் தொடங்கியவன் நான். இப்போது எனக்குக் காற்சட்டை நிற்பது இடுப்புப் பட்டியின் புண்ணியத்தில்.

உங்கள் விமான விபத்து விசாரணைப் பிரிவின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தமிழில் பதில் எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று போட்டிருந்தீர்கள். நல்லது. அவர் யாராயிருந்தாலும் என் கையெழுத்துக்காக மன்னிக்கவேண்டும். உங்கள் வரைவு அறிக்கையின் எட்டாம் பக்கத்தில், விமானத்தின் இடப்பக்க ஜன்னல் கழன்றதற்குக் காரணம் 'பொருத்தமற்ற பசை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் தெரிவுசெய்தீர்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் எப்படியும் எழுதுங்கள், இதை மட்டும் என்னால் பொறுக்க ஏலாது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருபத்தாறு வருடமாகக் கார்களுக்கு முன்கண்ணாடி ஒட்டுகிறேன். இன்றுவரை ஒன்றும் கழன்றதில்லை. பசையில் பிழையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அம்பலவாணன் அண்ணை ஹரோவில் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய கடைவாய்ப் பல் மூன்றைப் பிடுங்கியவர், காசு வாங்காமல். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயில் நிர்வாகத்துக்குப் போவார்கள். அவர் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு விமானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ஹரோவிலிருந்து நாற்பது நிமிடம் வடக்கே, ஒரு புல்வெளி ஓடுபாதைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பொருத்திப் பூட்டத் தொடங்கினார். உடம்பு கண்ணாடி நாரில் செய்தது. ஜன்னல்கள் பெர்ஸ்பெக்ஸ், கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக். கண்ணாடி என்றதும் அவருக்கு என் நினைவு வந்தது.

"குலம், நீ ஜன்னலை ஒட்டித் தா. முதல் சுற்று உனக்கு," என்றார்.

இது சும்மா வார்த்தை என்று உங்களுக்குத் தோன்றும். என்னுடைய வீடு விமானங்கள் இறங்கும் வழியில் இருக்கிறது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கூரைக்கு மேலே போகும். முப்பது வருடமாக நான் விமானங்களின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். ஏறியது ஒரே ஒரு தடவை, இந்த நாட்டுக்கு வரும்போது. களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் நடு இருக்கையில் இருத்தி, "தலையை நிமித்தாதை" என்று சொல்லிவிட்டான். நான் நிமிர்த்தவில்லை. பத்து மணித்தியாலம் என்னுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு பறந்தேன்.

அதனால் சரி என்றேன். பதினாலு சனிக்கிழமை போனேன். ஜன்னலுக்கு மட்டுமில்லை, உரஞ்சுகிற வேலை, தூக்குகிற வேலை எல்லாவற்றுக்கும். என்னுடைய அப்பு சுண்ணாம்புப் பாறையில் அலவாங்கால் கிணறு தோண்டியவர். பத்து வயதில் நான் கடகத்தில் கல் சுமந்தவன். எனக்கு வேலை ஒரு பொருட்டில்லை. அண்ணை ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: பக்கத்து இருக்கைக்கு எண்பது கிலோதான் கணக்கு. அன்றைக்கே சோற்றை நிறுத்தினேன். அவருடைய மனைவி கலாவதி அக்கா ஒவ்வொரு சனியும் இடியப்பம் கட்டித் தருவா. அதை வழியில் பெற்றோல் நிலையத்துப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். "எப்பிடி இருந்தது?" என்று கேட்பா. "அந்த மாதிரி அக்கா," என்று புகழ்வேன்.

இனிப் பசை.

பல் வைத்தியருக்குப் பசை பற்றித் தெரியாது என்று நினைக்கக்கூடாது. அவர் நாள் முழுக்க ஒட்டியவர். அவருக்கு எப்பொக்சி பிடிக்கும். கல்லு மாதிரி இறுகும், பல்லுக்கு நல்லது. ஆனால் பெர்ஸ்பெக்ஸ் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். கண்ணாடி நார் அவ்வளவுக்கு அசையாது. இடையில் கல்லு மாதிரி ஒன்று நின்றால் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். நான் இதைச் சொன்னதும் அண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முப்பத்தைஞ்சு வருசம் வாய்க்குள்ள ஒட்டினவன் நான். நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய்."

"வாய்க்குள்ள வெயில் அடிக்கிறேல்லை அண்ணை."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டது. நல்ல மனுசன்.

சிலிக்கோன் குளியலறைக்கு. அதன்மேல் பெயின்ற் பிடிக்காது, பிறகு வேறொன்றும் பிடிக்காது. மெத்தாக்கிரிலேற் நல்ல பலம், ஆனால் நாற்றம் தலையைப் பிளக்கும், ஒரு துளி தவறினால் ஜன்னலில் வடு. மிஞ்சியது நான் காருக்குப் பாவிக்கிற பொலியூரத்தேன். ரப்பர் மாதிரி, இழுத்தால் இழுபடும், விட்டால் திரும்பும். நாலு மில்லிமீற்றர் தடிப்பில் வைத்தால் ஜன்னல் விரியலாம், சுருங்கலாம், கோபம் வராது. ஒரே ஒரு நிபந்தனை. பசை பிடிக்க முதலில் அடிப்பூச்சாகப் பிரைமர் பூசி அரை மணித்தியாலம் காயவிடவேண்டும். பிரைமர் இல்லாமலும் ஒட்டும். இழுத்துப் பார்த்தால் வராது. சோதிக்க வந்த பெரியவர் பெருவிரலால் அமத்திப் பார்த்து ஒப்பம் வைத்தாரே, அவர்மேல் பிழையில்லை. அன்றைக்கு யார் அமத்தினாலும் அசைந்திராது. வெயில் உள்ளே போகப் போகத்தான் விடும். மூன்று மாதம், நாலு மாதம்.

ஆகவே நான் தெரிவுசெய்தது சரியான பசை. எட்டாம் பக்கத்தைத் திருத்தவேண்டும்.

பெயர்ப்பட்டியல் பற்றியும் சொல்லவேண்டும். ஒட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை கொட்டகைச் சுவரில் அதைப் பார்த்தேன். பயணிகள் என்று தலைப்புப் போட்டு, அண்ணை தன் அழகான எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். முதலாவது, மகள் பிரசாந்தினி. இரண்டாவது கோயில் தலைவர் புவனேசன். பிறகு ஒரு கவுன்சிலர், அவருடைய பழைய கூட்டாளிகள், மகளின் மாமனார். பதினொராவது குலம். பன்னிரண்டாவது கலா, அதாவது அக்கா.

"அண்ணை, முதல் சுற்று எண்டனீங்கள்."

"அட, நீ எங்கட ஆள்தானே. உனக்கென்ன, எப்பவும் ஏறலாம். வெளி ஆக்களை முதல்ல அனுப்பிப்போட்டு நாங்கள் ஆறுதலாப் போவம்."

பிழையாகச் சொல்லவில்லை. எங்கள் வழக்கமே அதுதான். விருந்தாளி முதற்பந்தி, வீட்டு ஆள் கடைசிப்பந்தி. ஊரில் கலியாண வீடுகளுக்கு விறகு பிளந்த, தண்ணீர் அள்ளிய எங்களையும் 'எங்கட ஆக்கள்' என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பந்தியில் இருக்கும்போது சட்டியில் அடிக்கறிதான் இருக்கும். நான் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் வெள்ளரிக்காய் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். திங்கட்கிழமை வேலையிடத்தில், முடிந்துபோன பிரைமர் போத்தல் ஒன்றைக் கழுவினேன். அதற்குள் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டை நிரப்பினேன். இரண்டும் தண்ணீர் நிறம். மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த சனி ஒட்டினோம். அண்ணை பஞ்சாங்கம் பார்த்துச் சுபநேரம் குறித்திருந்தார், பத்து நாற்பதிலிருந்து பதினொன்றே கால்.

"யாழ்ப்பாண நேரமோ லண்டன் நேரமோ?" என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை. மாத்தித்தான் எடுத்தனான். பத்து நாப்பதுக்குப் பிரைமர். அரை மணித்தியாலம். பதினொண்டு பத்துக்கு ஒட்டு. எல்லாம் நேரத்துக்குள்ள வரும்."

விஞ்ஞானமும் சாத்திரமும் அப்படி ஒன்றாகப் பொருந்திவந்ததில் அவருக்குப் பெரிய சந்தோசம். நான் போத்தலைத் திறந்து, ஜன்னல் விளிம்பு முழுவதும் பஞ்சால் ஒழுங்காகப் பூசினேன். ஸ்பிரிட் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். நாங்கள் அரை மணித்தியாலம் காத்திருந்தோம். அவர் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தார். கலாவதி அக்கா வடை கொண்டுவந்தா. நான் ஒன்றும் எடுக்கவில்லை. அண்ணை ஒரு தடவை விளிம்பைத் தொடப் போனார். "தொடாதேங்கோ, இன்னும் காயேல்லை," என்றேன். தொழிலில் பொய் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு பசை வைத்தேன். இழை ஒரே சீராக, ஒரு குமிழி இல்லாமல். அப்படி அழகாக நான் எந்தக் காருக்கும் வைத்ததில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், ஆள் சாகும் என்று தெரியாதா என்று. அண்ணை தனியாகப் பறக்கிற சோதனைக் காலத்திலேயே ஜன்னல் விடும், ஒரு வெட்கக்கேடோடு முடியும் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். பசியோடு பொய் எழுதுவது கஷ்டம். தெரியும். கழன்ற ஜன்னல் பின்னுக்குத்தான் போகும், பின்னுக்கு வால் இருக்கிறது. அதை எனக்கு அண்ணையே படம் கீறிக் காட்டியிருந்தார்.

ஆனால் அந்த வருடம் வெயில் வரவில்லை. சித்திரையும் மழை, வைகாசியும் மழை. சோதனைப் பறப்பெல்லாம் முடிந்து பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். பிரசாந்தினி இறங்கி வந்து, "மாமா, யூ ஹாவ் ரு ஸீ இற்," என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். புவனேசன் இறங்கிச் சத்தி எடுத்தார், நான் முதுகைத் தடவிவிட்டேன். கவுன்சிலருக்கு நான்தான் படம் எடுத்தேன். ஒவ்வொருவர் இறங்கும்போதும் கை தட்டினேன். அண்ணை பட்டியலில் ஒரு பெயரை வெட்டுவார். ஆடி மாதம் இடப்பக்க ஜன்னலின் பின்மூலையில் நகத்தளவு வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது, பசை விடத் தொடங்கினால் வருகிற கோடு. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். போகவில்லை. கைலேஞ்சியை எடுத்து ஜன்னல் முழுவதையும் துடைத்துவிட்டேன், மினுங்கியது.

பத்தாவது பெயர் வெட்டுப்பட்ட பிறகு, ஆவணி கடைசியில், நாலு நாள் நல்ல வெயில் எறித்தது. வியாழக்கிழமை அண்ணை போன் எடுத்தார்.

"குலம், சனிக்கிழமை உன்ர முறை. இப்ப எத்தினை கிலோ?"

"எண்பத்தொண்டு அண்ணை."

"ஒரு கிலோவுக்கு உன்னை விட்டிட்டுப் போவனே? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறு."

கூரைக்கு மேலே ஒன்று போனது, அது போகட்டும் என்று இருந்தேன்.

"எனக்குச் சனி ஷிப்ட் அண்ணை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பாவம், கடைசிப் பேராக் கிடக்கிறா."

"அவளுக்குப் பயம் அப்பன். வரமாட்டாள்."

"நான் ஒட்டின ஜன்னல் எண்டு சொல்லுங்கோ. வருவா."

வந்தா. மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது, நான் திருப்பி எழுதத் தேவையில்லை. பார்லி வெட்டி முடிந்த வயல் என்பதால் வேறு ஒருவருக்கும் சேதமில்லை. அதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

இரண்டு சவப்பெட்டியையும் தூக்கியவர்களில் நானும் ஒருவன். என்னுடைய வலது முழங்கால் அன்றிலிருந்துதான் பிடித்துக்கொண்டது. முப்பத்தோராம் நாள் கிரியைச் சாப்பாட்டில் பிரசாந்தினி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முதற்பந்தியில் இருத்தினாள். "அப்பான்ர பெஸ்ற் பிரண்ட்," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னாள். பதினாறு கறி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எண்பதைத் தாண்டக்கூடாது என்று கத்தரிக்காயில் ஒரு துண்டும் பயற்றங்காயும் மட்டும் சாப்பிட்டேன்.

போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது, சமையலறை மேல்தட்டில், மா போட்டிருக்கிற தகரப் பேணிக்குப் பின்னால். வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம். மாலை நாலுக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். மணியை இரண்டு தரம் அடிக்கவும், மேலே விமானம் போனால் கேட்காது.

நான் பொதுவாக யாரிடமும் ஒன்றும் எதிர்பார்க்கிறவன் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறபோது இதையும் எழுதவேண்டும். அண்ணை என்னைக் கூப்பிட்டவர்தானே என்று நீங்கள் சொல்லலாம். அன்றைக்கு நான் எண்பத்தொன்று, ஆகவே அது சேராது. இன்று காலை தராசில் ஏறினேன், எழுபத்தொன்பதரை. அம்பலவாணன் அண்ணை எனக்கு ஆகாயத்தில் ஒரு சுற்றுக் கடன்பட்டவர்.